காத்துக்கு ஏத்த பெட்ரோல்

இன்று காலை ஒரகடம் மெக்கானிக் ஷெட்டில், எங்கள் பழைய காரிலிருந்து கழற்றிய த்ராட்டிலை என் கையில் கொடுத்தார்கள். இன்ஜினுக்குள் காற்றை விடும் சின்ன வட்டக் கதவு, சுற்றிலும் கரி. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய்.

தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்து, சேரப்பணஞ்சேரியில் எங்கள் மாடி அறையில் குடியிருந்தவள் நீ. ஒரே கார் கம்பெனியில் உனக்கு இன்ஜின் சோதனைப் பிரிவு, எனக்கு வயரிங் பிரிவு. ஒரே ஷிப்ட், ஒரே பஸ். குடிவந்தவள் எப்போது சிநேகிதியானாய் என்று எனக்கே தெரியாது.

அந்த ஞாயிறு மதியம் என் மகள் ஜெனிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஐந்து வயது. அவள் அப்பா ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்தார். எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. நான் போட்ட கூச்சலில் ஈரத் தலையோடு இறங்கி வந்து சாவியை எடுத்தாய்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம் போவதற்குள் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நீ எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

“இன்னாடி ஆச்சு? ஓரமா நிறுத்து, ஆட்டோ எதுனா பாத்துக்கலாம்” என்று கத்தினேன்.

“நிறுத்துனா திரும்பக் கெளம்புமான்னு தெரியாதுட்டி. மெதுவாத்தான் போவும். ஆனா போவும்லா” என்றாய்.

பிறகு கண்ணாடியில் ஜெனியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாய்.

“மக்கா, இந்த வண்டியும் உன்ன மாரி மூச்சு விடும், தெரியுமா? எவ்வளவு காத்து உள்ள வருதுன்னு ஒரு சென்சார் பாத்துச் சொல்லும். உள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு. காத்துக்கு ஏத்த பெட்ரோலத்தான் அது பீச்சச் சொல்லும்.”

“இப்ப?” என்றாள் ஜெனி, இழுப்புக்கு நடுவே.

“இப்ப காத்து வர்ற கதவு சரியாத் தொறக்கல. கம்ப்யூட்டர் அதக் கண்டுபிடிச்சிட்டு. பதறாம, வர்ற காத்துக்குக் கொஞ்சமாப் பெட்ரோல் விட்டு, மெதுவா எடத்துக்குப் போயிரலாம்னு ஓட்டுது. நீயும் பதறாத. மூக்கால இழு... வாயால ஊது.”

அவள் ஊதினாள். நீ ஊதினாய். என்னையறியாமல் நானும் ஊதிக்கொண்டிருந்தேன். ஒரு மொபெட்காரர் நம்மை முந்திக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. ஜெனி பிஸ்கட் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

உன்னைத் தேடி வெளியே வந்தேன். காருக்குள்ளேயே, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாய்.

“பிஸ்கட் கேக்குறாடி” என்றேன்.

சிரித்தாய். அழுகையும் நிற்கவில்லை. “பாதி வழில நின்னுரும்னுதான் நெனச்சேன்ட்டி. காலு ரெண்டும் இன்னும் நடுங்குது.”

போன வருஷம் லீவில் ஊருக்குப் போனவள், காய்ச்சலில் திரும்பாமலே போய்விட்டாய்.

ஜெனி இப்போது பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள். மருந்து பையில் இருந்தாலும் எடுக்க வேண்டி வருவதில்லை. நான் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அதே சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டும்போது எனக்கும் கால் நடுங்குகிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். உனக்கும் நடுங்கியது, ஆனாலும் நீ எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தாய்.