வீடியோவில் இருக்கும் அம்மா

சண்டிலிப்பாய்
ஒக்டோபர் 14

அன்புள்ள தம்பி நிர்மலனுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டுதான் தொடங்குகிறேன். ஆனால் இது கோபத்தோடு எழுதும் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு இதயப் படத்தைப் போட்டுவிட்டு உன் அலுவலைப் பார்க்கப் போய்விடுவாய்.

அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. இங்கே மழை தொடங்கிவிட்டது.

ஓகஸ்டில் வந்தபோது உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். லண்டனில் உங்கள் கணக்கு வேலையை இப்போது கணினியே செய்துவிடுகிறது, பாதிப்பேரை அனுப்பிவிட்டார்கள் என்றாய். "இனி வேலை தெரிஞ்சால் மட்டும் காணாது அக்கா, என்னை நாலு பேருக்குத் தெரியவேணும்" என்றாய். அதற்காகத் தினமும் இணையத்தில் ஏதாவது பேசிப் போடுவதாகவும் சொன்னாய். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு விளங்காதா?

ஆனால் நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அம்மாவைப் படமெடுத்திருக்கிறாய். பக்கத்து வீட்டுத் தக்சாயினி காட்டித்தான் எனக்கே தெரியும். அம்மா தலை வாரி இழுக்காமல், வீட்டுச் சட்டையோடு கட்டிலில் இருந்து, "தம்பி, நீங்கள் ஆர்?" என்று உன்னைக் கேட்கிறார். நீ அழுகிறாய். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, மறதி வந்த தாய் உனக்குத் தலைமைத்துவம் கற்றுத் தந்ததாகச் சொல்லி, நீ இணையத்தில் நடத்தும் வகுப்பில் வந்து சேரச் சொல்கிறாய்.

யாரைக் கேட்டுப் போட்டாய்? மிஷன் பள்ளிக்கூடத்து றோஸ் ரீச்சராக இருந்த நம் அம்மா சீலைக்கு ஊசி குத்தாமல் வாசல் படலைக்குக்கூட வராதவர் என்பது உனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து பழைய மாணவிகள் வருகிறார்கள். அழுகிறார்கள். ஒருத்தி அம்மாவோடு முகம் ஒட்டி நின்று படமும் எடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நம் சபை இராசமலர் அக்கா வந்தார். நல்ல மனதோடுதான், "ரீச்சர், உங்கடை மகனைப் பாருங்கோ" என்று அந்த வீடியோவை அம்மாவுக்கே காட்டினார்.

அம்மா கடைசிவரை பார்த்தார். உன்னையும் தெரியவில்லை, தன்னையும் தெரியவில்லை. "உந்த மனிசி ஆர், பாவம்? ஒரு சீலை உடுத்திவிட வீட்டிலை ஆரும் இல்லையே? பக்கத்திலை நிண்டு அழுகிறவன் ஒரு துவாயை எண்டாலும் போர்த்திவிடலாமே?" என்று என்னைக் கேட்டார்.

இராசமலர் அக்கா தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார். அம்மா அன்று சாப்பிடவில்லை. தன் அலுமாரியிலிருந்து ஒரு சீலை எடுத்து அந்த மனிசிக்குக் கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீலச் சீலையை மடித்தெடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்து, கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்ன பிறகுதான் படுத்தார்.

இதையெல்லாம் போனில் சொல்லத் தொடங்கினேன். நீ கேட்கவில்லை. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் ஒரு கொம்பனி உன்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறது, கொஞ்ச நாள் பொறு அக்கா என்றாய். நான் பொறுக்கமாட்டேன். உனக்கு நாலு பேர் வேண்டுமென்றால் உன்னைக் காட்டு, அம்மாவைக் காட்டாதே.

வேலை போனால் இங்கே வா. உன் அறை உனக்குத்தான். அந்த வீடியோவை அழித்துவிட்டு எனக்கு ஒரு கோல் எடு. போனை அம்மாவின் காதோடு வைக்கிறேன். விரும்பினால் அவரோடு கதை, விரும்பினால் அழு. நம் மூன்று பேரைத் தவிர வேறொருவருக்கும் அது கேட்காது.

கர்த்தர் உன் பயத்தை நீக்கி உன்னை வழிநடத்துவாராக.

கோபம் ஆறாத உன் அக்கா,
ஜொய்சி