நீ டிக் போடாத பக்கம்

அன்பு மலருக்கு,

இன்று காலை எழுந்ததும் அடுப்படிக்குக்கூடப் போகவில்லை. நேராக பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் நானே ஒளித்து வைத்திருந்த உன் நோட்டை எடுத்தேன். நீ போன இந்த மூன்று வருடத்தில் அதைத் தொட்டதே இல்லை. யாராவது கேட்டால் நேரமில்லை என்பேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, தைரியமில்லை.

ஏன் இன்றைக்கு எடுத்தேன் என்று சொல்லுமுன் மற்ற சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறார். குன்னத்தில் இந்த முறை மக்காச்சோளம் பரவாயில்லை. நான் அரியலூரில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன், மலர்! நாற்பத்தி நாலு வயதில் தற்காலிக விரிவுரையாளர். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். வழியில் சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முதல் வகுப்பு போனதுதான்.

ஆய்வேட்டையும் முடித்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை திருச்சியில் சமர்ப்பிக்க வேண்டும். மாதக் கடைசியில் என் நெறியாளர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கொடுக்காவிட்டால் வேறு நெறியாளர், மறுபடியும் கையெழுத்துகள், எத்தனை மாதம் இழுக்குமோ தெரியாது. கொடுத்துவிட்டால் இந்தக் கல்வியாண்டிலேயே வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள்.

நாம் இரண்டு பேரும் தபாலில் எம்.ஏ. தத்துவம் சேர்ந்தபோது ஊரே சிரித்தது, நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நாத்தனாரும் அண்ணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. குன்னம் பஸ் ஸ்டாப்பில் உன் பெரியப்பா வழிமறித்தார்.

"ரெண்டு பேரும் சாமியாராப் போறீங்களாமே?"

"ஆமா பெரியப்பா. மொதப் பிச்சைக்கு உங்க வூட்டுக்குத்தான் வரோம். சோத்த ஆக்கி வைங்க" என்றாய் நீ.

பஸ் ஏறிய பிறகும் நீ சிரிப்பை நிறுத்தவில்லை.

பழைய தர்க்க நூல்களில் எதிராளியின் கட்சியை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார்கள். பூர்வபட்சம் என்று அதற்குப் பெயர் என்று படித்ததும் நீ பிடித்துக்கொண்டாய். அதை நம் வீட்டுச் சட்டமாகவே ஆக்கினாய். உன் வாதத்தை மறுக்க வேண்டுமானால், முதலில் அதை உன் நோட்டிலேயே என் கையால் எழுதிக் காட்ட வேண்டும். நீ டிக் போட்டால்தான் நான் வாயைத் திறக்கலாம். என் வாதத்தை மறுக்க உனக்கும் அப்படித்தான். ஒரு டிக்குக்காக நான் ஐந்து முறை எழுதிய நாட்கள் உண்டு.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், நான்கு நான்கு மணி நேரம் அந்த டயாலிசிஸ் மிஷினோடு கிடந்தாய். நான் பக்கத்தில் ஸ்டூலில். அப்போதும் நாம் பேசியது என் ஆய்வுக் கேள்வியைத்தான். அடுத்தவர் வலியை நம்மால் அறிய முடியுமா? முடியும், நம் வலியை வைத்து ஊகிக்கலாம் என்பது என் கட்சி.

"எனக்கு எப்படித் தாகமா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்று கேட்டாய். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று உனக்குத் தண்ணீரை அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

"தெரியும்டி. நானும் தாகம் எடுக்கற மனுஷிதானே?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அப்ப யாருக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேணாமா?"

சத்தம் கேட்டு நர்ஸ் வந்துவிட்டாள். "ஏங்க, நாத்தனார் சண்டைய வூட்ல வெச்சுக்கக் கூடாதா?" என்றாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அன்றைக்கே உன் வாதத்தை உன் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். "படிச்சுட்டு சொல்றேன்" என்றாய். இரண்டாம் நாள் உன்னைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். துணிப்பையோடு நோட்டு திரும்பி வந்தது. நீ வரவில்லை.

ஒரு வருடம் கழித்து மூன்றாம் இயலை எழுதினேன். நோட்டைத் திறக்காமல், மனதில் இருந்ததை வைத்து. 'பிறர் வலியை அறிய இயலாது. ஆகவே அது குறித்து நமக்குக் கடமையும் இல்லை என்பர் சிலர்.' அந்தச் சிலர் நீதான், மலர். பத்துப் பக்கத்தில் அதைத் தகர்த்தேன். இந்த இயல்தான் ஆய்வேட்டின் உயிர் என்றார் நெறியாளர்.

நேற்று அறவியல் வகுப்பில் அதைத்தான் நடத்தினேன், கொஞ்சம் பெருமையோடுதான். வரதராஜன்பேட்டையிலிருந்து வரும் ஜெனிபர் எழுந்தாள்.

"மேடம், தெரியாதுன்னா கடமை இல்லன்னு ஆயிடுமா?"

"பிறகு?"

"எங்கம்மா முந்திரிக்கொட்ட ஒடச்சிட்டு வந்து கை எரியுதுன்னு சொல்லும். நான் 'தெரியும்மா'ன்னு சொல்லிட்டு போனைப் பாத்துக்கிட்டு இருப்பேன். தெரியலன்னு நெனச்சிருந்தா கிட்டப் போயி கையப் பாத்திருப்பேன்ல?"

"மேடம், அவ போனை எதுக்குமே கீழ வைக்க மாட்டா" என்றான் பின்பெஞ்சுக்காரன். வகுப்பே சிரித்தது. நீ சொன்னதும் இதுதானோ என்று தோன்றியது. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டேன்.

அதனால்தான் காலையில் நோட்டு. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து, கிட்டத்தட்ட ஆய்வேட்டில் இருக்கும் அதே வாக்கியம். கீழே பென்சிலில், கோடு விட்டு இறங்கும் உன் எழுத்து: 'இல்ல அண்ணி. தெரியாதுன்னுதான் சொன்னேன். கடமை இல்லன்னு எங்க சொன்னேன்? தெரியாததாலதான் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கணும். தெரியும்னு நெனைக்கிறவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. திரும்ப எழுதுங்க.'

அன்றைக்கு 'தெரியும்டி' என்று சொன்ன கொஞ்ச நேரத்தில் நான் டீ குடிக்க எழுந்து போனேன். அதைப் பார்த்துத்தான் இப்படி எழுதினாயா? நான் திரும்பி வந்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

உன் அண்ணன் வந்து வாசலில் நின்றார். "மலரு நோட்டா?" என்றார். பிறகு அதையே பார்த்துக்கொண்டு, "பைண்டிங்குக்கு எந்தக் கலருன்னு கடைக்காரரு கேக்குறாரு" என்றார். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஒரு வரியை மாற்றிவிட்டுக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஜெனிபர்கூட அடுத்த பருவத்தில் மறந்துவிடுவாள். ஆனால் அந்த வரி போனால் பத்துப் பக்கமும் யாருமே சொல்லாத ஒன்றைத்தான் அடித்துக்கொண்டிருக்கும். பதில் சொல்ல முடியாதவளின் வாயில் நானே ஒரு சொல்லை வைத்து, நானே ஜெயித்திருக்கிறேன்.

நெறியாளரிடம் சொல்லவில்லை, கல்லூரியில் சொல்லவில்லை, உன் அண்ணனிடமும் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் திருச்சிக்குப் போகப்போவதில்லை. வேலை கைநழுவினால் நழுவட்டும் என்று வீரமாகச் சொல்ல வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகப்போவதில்லை. மூன்றாம் இயலை முதலிலிருந்து எழுதுவேன். 'சிலர்' என்ற இடத்தில் குன்னம் மலர்க்கொடி என்று உன் பெயர் இருக்கும். நீ சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் வைப்பேன். அதற்கு மறுப்பு என்னிடம் இருக்கிறதா என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை. இல்லையென்றால் இல்லை என்றே எழுதி முடிப்பேன்.

உன் அண்ணி,
கலைச்செல்வி