வெளிச்சத்தில் பார்த்த முகம்

ராஜபாளையம்,
16.11.2025, ஞாயிறு.

அன்புள்ள அண்ணன் வேல்பாண்டிக்கு,

தங்கை மாரிக்கனி எழுதிக்கொள்வது. இங்கே நானும், மகாராஜபுரத்தில் மதினியும் பிள்ளை மகாலட்சுமியும் சுகமாக இருக்கிறோம். லடாக்கில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று செய்தியில் காட்டினார்கள். ஈர சாக்ஸோடு டூட்டிக்குப் போகாதீர்கள். போன தடவை காலில் வந்த புண் ஆற ஒரு மாதம் ஆனது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் போன் பண்ணினாலே மதினி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு ஆட்கள்கூட வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். உங்கள் மலையில் சிக்னலும் பாதிப் பேச்சில் போய்விடும். நான் சொல்ல வருவது பாதியில் நிற்கக்கூடாதது. மகாவுக்குப் பார்த்திருக்கிற பையனைப் பற்றியது. தனியாக இருக்கும்போது படியுங்கள்.

இந்த மாதம் இரண்டாம் தேதி பெண் பார்க்க வந்ததை மதினி சொல்லியிருப்பார்கள். பையன் பெயர் சூர்யபிரகாஷ். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட், வயது முப்பத்தொன்று. மகாவைப் பார்த்துச் சிரித்தான், அவளும் சிரித்தாள். தையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவன் அம்மா சொன்னார்கள். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அவனுடைய தாய்மாமன் பொன்னுராஜ்தான், எங்க பையனுக்கு வெத்தல பாக்குப் பழக்கம்கூடக் கெடயாது என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லி நிறுத்தியிருந்தால் நான் அந்தப் பையன் முகத்தை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கமாட்டேன்.

அவன் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான், முகத்தில் நல்ல வெயில். கன்னமும் நெற்றியும் பளிச்சென்று இருந்தது, கழுத்து மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கல். மூக்கோரத்திலும் வாயோரத்திலும் தோல் மெல்லிசாக உரிந்து சிவந்திருந்தது. ராத்திரி பூசுகிற மருந்துக் கிரீம் அப்படித்தான் உரிக்கும். உதடு ஓரத்தில் இளஞ்சிவப்பு, நடுவில் இன்னும் கருப்பு. மேலுதட்டுக்கு மேலே சின்னச் சின்னதாக நெட்டுக்குத்தான கோடுகள். முப்பத்தொரு வயதுக்காரனுக்கு அந்தக் கோடு தானாக வராது அண்ணே. வருஷக்கணக்காக உதட்டைக் குவித்துப் புகை இழுத்தவனுக்குத்தான் வரும். பத்தொன்பது வருஷமாகப் பார்லர் நடத்துகிறேன். இவன் நன்றாகப் புகைத்தவன், கல்யாணச் சந்தைக்காக முகத்தை ரிப்பேர் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் லீவு தேதி தெரியட்டும், பொறவு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மதினிக்கு என்மேல் வருத்தம். நேற்றுவரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இங்கே ஒரு தோல் டாக்டரம்மா இருக்கிறார்கள். என் கைக்கு மிஞ்சின முகங்களை அவர்களிடம்தான் அனுப்புவேன். நேரே போய், இந்தப் பெயரில் ஒரு பையன் உங்களிடம் வருகிறானா என்று கேட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்க முகத்தப் பத்தி யாராவது வந்து கேட்டா நான் சொல்லணுமா மாரிக்கனி என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வரவில்லை என்றும் அவர்கள் சொல்லவில்லையே. சந்தேகம் கூடிப்போனது.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை, ஆண்டாள் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கோயிலுக்கும் போனேன், பொய் இல்லை. ஆனால் முதலில் போனது கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கு. பதினொரு மணிக்கு அவன் வந்தான். நான் வக்கீல்களுக்குப் பின்னால், தூண் மறைவில் நின்றேன். அம்பது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிற பொம்பளை நான், திருடனைப் பிடிக்கிற போலீஸ் மாதிரி நின்றேன். அவன் டீ குடித்தான். பொறவு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டான். கிட்டப் போய்ப் பார்த்தால் கிராம்பு. வாடையை மறைக்கத்தானே என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க அத்தை, டீ சாப்புடுறீங்களா என்றான். டீ இருக்கட்டும், கையக் காட்டுப்பா என்றேன்.

சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா. அவன் கோபப்படவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நகத்தடியில் லேசான மஞ்சள். சுண்ணாம்பு பட்டது என்றோ வேறு எதுவோ சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சிகரெட்டுதான் அத்தை, பழைய கறை, இன்னும் முழுசாப் போகல என்றான்.

காலேஜில் தொடங்கினதாம். பதினோரு வருஷம், நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்குக் குறையாமல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வத்திராயிருப்பு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுந்து, தாத்தா நீங்க உக்காருங்க என்றதாம். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது. அந்த இடத்தில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை என்றான். மறுநாளே டாக்டரம்மாவிடம் போயிருக்கிறான். அவர்கள், முதலில் சிகரெட்டை விடு, ஆறு மாதம் கழித்து வா, அதுவரைக்கும் வெயிலுக்குப் பூசுகிற கிரீமைத் தவிர ஒன்றும் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இவன் கோபத்தில் மதுரையில் யாரோ சொன்ன கிரீமை வாங்கிப் பூசி, முகம் வெந்து, திரும்ப அவர்களிடமே வந்து நின்றிருக்கிறான். அன்றைக்கு விட்டதுதானாம். வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறதால் கிராம்பு.

எதையும் பூசாமலே நாலைந்து மாதத்தில் அந்தச் சாம்பல் நிறம் பாதி இறங்கிவிட்டது அத்தை, அப்பத்தான் எனக்கே நம்பிக்கை வந்தது என்றான். அதற்குப் பிறகுதான் ராத்திரிக் கிரீமும், தோல் உரிக்கிற வைத்தியமும், உதட்டுக்கு லேசரும். இந்தக் கோடு மட்டும் முழுசாப் போகாதுன்னு சொல்லிட்டாங்க, இதோடதான் கட்டிக்கணும் என்று சிரித்தான். மாமன் ஏன் பொய் சொன்னார் என்று கேட்டேன். அவிய சபையில சொல்லும்போது எனக்கு வாய் வரல, அது என் தப்புதான் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அப்படியே நம்பிவிடவில்லை. அவன் கோர்ட்டுக்குள் போனதும் டீக்கடைக்காரரிடம் மெதுவாக விசாரித்தேன். அவரா, அப்பல்லாம் அவருக்குன்னே ஒரு பாக்கெட் தனியா எடுத்து வப்பேன், ரெண்டு வருசமா எம் யாவாரத்தக் கெடுத்துட்டாரு என்றார். நேற்றுச் சாயங்காலம் பையனே பார்லர் வாசலுக்கு வந்து, உள்ளே பெண்கள் இருந்ததால் தெருவிலேயே நின்று, டாக்டரம்மா பைலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். முதல் பக்கத்தில் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது, புகையை நிறுத்தும்வரை சிகிச்சை கிடையாது என்று. தேதியும் அவன் சொன்ன இரண்டு வருஷக் கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது. பைலை மூடி வைத்த பிறகும் என் மனசு, இதுவும் ஏதாவது ஏற்பாடாக இருக்குமோ என்றுதான் கேட்டது.

ராத்திரி மகாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். தெரியும் அத்தை என்றாள். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே அவளுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லி, தன் பழைய லைசென்ஸ் போட்டோவையும் அனுப்பியிருக்கிறான். உங்க அப்பாகிட்ட நானே சொல்லணும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத என்றானாம். எனக்கு வந்ததே கோபம். ஏட்டி, ஒருத்தன் பூசி மறச்சிட்டு வந்து நிக்கான், உனக்கு உறைக்கலையா என்று கத்திவிட்டேன். அவள் மெதுவாக, மறைக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அத்தை, நீங்க மாமா உதட்டுக்குச் சாயம் போட்டத நான் பாத்திருக்கேன் என்றாள்.

அண்ணே, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், இறந்து நாலு வருஷம் ஆகிறது. நாற்பத்தாறு வயது. சேதி கேட்டு நீங்கள் வந்து ஐஸ் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, முகம் இம்புட்டுத் தெளிவா இருக்கே, எந்தப் பழக்கமும் இல்லாத மனுஷனுக்கு எப்படித் திடீர்னு மாரடைப்பு வரும் என்று என்னிடம் கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த முகத்தைச் செய்தது நான்.

கல்யாணமான இரண்டாவது மாதமே அவர் சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியும். என் அண்ணன் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை, பழக்கம் இல்லாதவர் என்று நம்பிக் கொடுத்தார், அண்ணன் மனசு சங்கடப்படக்கூடாது என்று மறைத்தேன். நீங்கள் லீவில் வரும்போதெல்லாம், நம் வீட்டு விசேஷம் எதுவாக இருந்தாலும், முந்தின நாள் அவரைப் பார்லரில் உட்காரவைத்து பிளீச், பேஷியல், உதட்டுக்குச் சாயம். விரலைக்கூட எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்துவிடுவேன். ஏலே தங்கப்பாண்டி, உனக்கு வயசே ஆகல என்று நீங்கள் அவர் தோளில் தட்டுவீர்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். முகம் கறுத்துச் சுருங்கிக் கிடந்திருந்தால் நீங்களாவது ஒரு நாள் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பீர்கள். யாரும் கேட்காதபடிக்கு நான் பார்த்துக்கொண்டேன்.

அதனால்தான் பளிச்சென்று இருக்கிற எந்த முகத்தைப் பார்த்தாலும் எனக்குப் பயம் வருகிறது. இந்தப் பையன் விஷயத்தில் என் பயத்தைக் கழித்துவிட்டு நீங்கள் யோசியுங்கள். நான் என் வீட்டுக்காரருக்குப் பூசினேன், ஒரு நாளும் விடச் சொல்லிச் சண்டை போடவில்லை. இவர் விட்டுவிட்டு வந்து, அதற்குப் பிறகு பூசியிருக்கிறார். இரண்டும் ஒன்று இல்லை என்று உங்கள் மகள்தான் எனக்குச் சொன்னாள். இன்று காலையில் மதினி வீட்டுக்குப் போய், எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருஷம் விட்டவன் மூன்றாவது வருஷம் தொடமாட்டான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் தொட்டால் மகா மறைக்கமாட்டாள். அது போதும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு உங்கள் நம்பரைக் கொடுக்கிறேன். அவரே பேசுவார். சொல்லி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தீபாவளியன்று நீங்கள் வீடியோவில் வந்தபோது, குளிரில் கறுத்துவிட்டீர்கள் என்று மதினி வருத்தப்பட்டார்கள். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். குளிரில் அப்படிக் கறுக்காது அண்ணே. மேலுதட்டுக் கோடு எனக்கு அந்தச் சின்னத் திரையிலும் தெரிந்தது. அங்கே தனிமையும் பனியும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதனால் திட்ட எனக்கு வாய் இல்லை.

ஆண்டாள் தாயார் உங்களை மலையிலிருந்து பத்திரமாக இறக்கிக் கூட்டிவரட்டும். தையில் பந்தலுக்கு வருகிற அம்புட்டுப் பேர் முகத்துக்கும் நான்தான் மேக்கப் போடுவேன். உங்கள் முகத்தில் மட்டும் கை வைக்கமாட்டேன். அது எப்படி இருக்கிறதோ அப்படியே மதினி பார்க்கட்டும், மகா பார்க்கட்டும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது அண்ணே.

உங்கள் அன்புத் தங்கை,
மாரிக்கனி