தடிமனுக்குப் பிடித்த ஆவி

ரொறொன்ரோ
12.11.98

மகளே,

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாகத்தான் வரும்.

நீ ஒட்டாவாவிலிருந்து கொண்டுவந்து அப்பாவின் கட்டிலடியில் வைத்த கண்ணாடிக் குடுவையை ஆவி பிடிக்கிற மிசின் என்றுதானே சொன்னாய்? நேற்று எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. துவாயால் தலையை மூடி, உள்ளே கிடந்த மூலிகைத் தூளோடேயே சுவிட்சைப் போட்டு, குழாயில் நன்றாக இழுத்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் நம் கட்டடத்துப் படிக்கட்டில் மணக்குமே, அதே மணம்! கொஞ்ச நேரத்தில் பேப்பரில் மரண அறிவித்தலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். என்ன வெட்கம்!

"கஞ்சாவோ?" என்று கத்தினேன். அப்பா மறைக்கவில்லை.

"ஓமப்பா. முந்திப் பல்கனியில சுருட்டிக் குடிச்சனான். இருமி இருமி நெஞ்சு நொந்து போச்சு. உது எரியாது, சூட்டில ஆவிதான் வரும். தொண்டைக்குச் சுகம்."

"நெஞ்சுக்குக் கெடுதல் இல்லையோ?"

"குறைவாம். இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"தலைக்கு?"

"அதேமாதிரித்தான் ஏறும். உமக்குத் தெரியுந்தானே."

நேர்சுக்குப் படிக்க அனுப்பினால் இதையா படித்தாய்? பொலிஸ் வந்தால் நான் என்ன சொல்வேன்? குடுவையைக் குப்பையில் போடக் கதவு வரை கொண்டுபோனேன்.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருந்தை ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து சோற்றைக் கண்டாலே சத்தி எடுக்கிற மனிசன், சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் புட்டு இருக்கோ?" என்று கேட்டார்.

திரும்பி வந்து வைத்துவிட்டேன்.

குழாயைப் பிடிக்கவும் அவர் கையில் பலமில்லை. இனி நான்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் சூடாக்குவது என்று எழுது. ரெலிபோனில் சொல்லிவிடாதே.

அம்மா