பின் அடித்த பக்கங்கள்

4.8.2008, திங்கள்

வைகுண்டராஜ் இன்று ஒரு புது நாவலை என் தலையில் கட்டிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை நூலகம் வைத்திருப்பவர். துப்பறியும் கதை என்றால் கடைசிப் பதினாறு பக்கங்களை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடித்தான் கொடுப்பார். குற்றவாளி யார் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் பின்னைப் பிரிக்க வேண்டும். சரியாகச் சொன்னவரின் பெயர் ஒரு வாரம் கடைவாசல் கரும்பலகையில் இருக்கும். மூன்று வருடமாகப் பெரும்பாலும் என் பெயர்தான். மற்றவர்கள் எதற்காகப் படிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

“இது வேற மாதிரிங்கம்மா. பூராம் ஈமெயில், செல்போன் மெசேஜ், போலீஸ் விசாரணை. கதைன்னு ஒண்ணு கெடையாது. நம்மதேன் கோத்துப் பாக்கணும்” என்றார்.

எல்லாவற்றையும் நாமே கோக்க வேண்டுமென்றால் எழுதியவனுக்கு என்ன வேலை?

5.8.2008

நாற்பது பக்கம். சகிக்கவில்லை.

கோர்ட் விசாரணை என்று ஒரு பகுதி வருகிறது. சாட்சி மூன்று பக்கத்துக்கு மூச்சு விடாமல் வசனம் பேசுகிறான், ஜட்ஜ் கண் கலங்குகிறார். பதினேழு வருடமாக உத்தமபாளையம் கோர்ட்டில் சாட்சியம் டைப் அடிக்கிறேன், ஒரு ஜட்ஜும் கண் கலங்கிப் பார்த்ததில்லை. சாட்சி, “அந்தப் பய அருவாளத் தூக்கிட்டு வந்தானுங்கய்யா, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு” என்பார். ஜட்ஜ் ஐயா சொல்லச் சொல்ல நான் அடிப்பது: “எதிரி அரிவாளுடன் வந்தார். நான் பயந்துவிட்டேன்.” அவ்வளவுதான். குறுக்கு விசாரணையில் வக்கீலின் கேள்விகூடத் தாளில் தனியாக வராது. “சம்பவ இடத்தில் நான் இல்லை என்று சொன்னால் சரியல்ல.” கேள்வியும் பதிலும் ஒரே வரியில் முடிந்தது. இந்த எழுத்தாளர் கோர்ட் வராந்தாவில் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்க மாட்டார்.

9.8.2008

கதை இதுதான். பெங்களூரில் ஒருத்தன், இரவு ஷிப்ட் வேலை. நாற்பதாம் பக்கத்தில் செத்துப் போகிறான். ஆனால் அவன் பெயரில் ஊரிலிருக்கும் மனைவிக்கு இரண்டு மாதமாக ஈமெயில் வந்துகொண்டே இருக்கிறது. அவளும் கொஞ்சிக் கொஞ்சிப் பதில் போடுகிறாள். அனுப்புகிறவன் யார் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

அவன் யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். இவளுக்கு மூளை இருக்கிறதா? பன்னிரண்டு வருடம் கூடக் குடித்தனம் செய்தவளுக்குப் புருஷன் எது, போலி எது என்று தெரியாதா? இப்படி ஒரு மக்குப் பெண்ணைக் கற்பனை செய்யவே தனித் திறமை வேண்டும்.

11.8.2008

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது இவரிடமிருந்து மெசேஜ். கம்பமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணி வேலை பார்க்கிறார் என் வீட்டுக்காரர். அங்கே டவர் கிடையாது. ஒரு பாறை மேல் ஏறினால்தான் நாலு மெசேஜ் போகும், பேச முடியாது. “பாறை மேல நிக்கிறேன். செம பனி. இந்த மாசமும் லீவு இல்ல.”

“ஒரு குடை வாங்கக்கூடவா வக்கில்லை?” என்று அனுப்பினேன்.

உடனே பதில்: “வாங்குறேன்.”

கர்ணன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் திராட்சைத் தோட்டக் குத்தகை போனது, ஜெராக்ஸ் கடை போனது, டிராக்டர் வாடகையும் போனது. எல்லாவற்றையும் இழந்ததில் மட்டும் பெயருக்குப் பொருத்தம். மாசியில் இந்த வேலை கிடைத்தபோது, என் அண்ணன் மகள் காதுகுத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: “இதையாச்சும் ஆறு மாசம் தாக்குப் பிடிக்கிறாகளான்னு பாப்போம்.” பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். ரோஷம் என்று ஒன்று இருந்தால்தானே.

18.8.2008

எங்கள் கோர்ட் அமீனா பொன்னுராஜ் தேவதானப்பட்டிக்குச் சம்மன் கொடுக்கப் போய்வந்தாராம். “ஒங்க வீட்டுக்காரக மாதிரி ஒருத்தர அங்கன தேங்கா கிட்டங்கில பாத்தேன். கூப்புடுறதுக்குள்ள உள்ள போயிட்டாக” என்றார்.

பொன்னுராஜ் சம்மனை ஆள் மாற்றிக் கொடுத்து ஐயாவிடம் எத்தனை தடவை வாங்கிக் கட்டியிருக்கிறார்! “மொதல்ல கண்ணாடிய மாத்துங்கண்ணே” என்றேன்.

26.8.2008

கண்டுபிடித்துவிட்டேன். ஈமெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே கூடாது. தலைப்பில் இருக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். செத்தவன் விடிகாலையில் ஷிப்ட் முடிந்து வந்துதான் மெயில் போடுவான். அவன் செத்த பிறகு வந்ததெல்லாம் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணி. பகலில் அந்த ஆபீஸில் உட்காருகிறவன் கணக்குப்பிள்ளை ஒருத்தன்தான். சாயங்காலம் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இதற்கு இருநூறு பக்கம்!

27.8.2008

சாப்பாட்டு நேரத்தில் பவானியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் நகல் போடும் காப்பி பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்பாள். “பேச்சைப் பாக்காத, நேரத்தப் பாரு” என்று பாடம் எடுத்து முடிக்கவும் என் போன் கத்தியது. “சாப்ட்டியா?”

பவானி சாதாரணமாகத்தான் கேட்டாள். “அக்கா, ஒங்க வீட்டுக்காரக வேல முடிஞ்சு சாயங்காலம் ஆறு மணிக்குத்தேன் பாற ஏறுவாகன்னு சொன்னீக? இப்பல்லாம் தெனமும் மத்தியானமே வந்துருதே?”

“ஒன் வேலையப் பாரு” என்றேன்.

அந்தப் பிள்ளை மேல் எதற்கு அப்படி எரிந்து விழுந்தேன்?

28.8.2008

போனில் இருக்கிற எல்லா மெசேஜையும் நேரத்தோடு எழுதிப் பார்த்தேன். ஜூன் 20 வரை: 6.10, 6.25, 6.05. எல்லாம் சாயங்காலம். அதற்குப் பிறகு: 11.40, 1.15, 10.50, 3.20. நான் என்ன கேட்டாலும் ஒரு நிமிடத்தில் பதில்.

இரண்டு மாதம். என் கையிலேயே இருந்திருக்கிறது. நாவலில் வந்த அந்த மக்குக்காவது புருஷன் செத்துப் போயிருந்தான்.

அப்படியென்றால் எங்கே இருக்கிறார்? யாரோடு? இல்லை, அதற்கெல்லாம் இவருக்குச் சாமர்த்தியம் போதாது. போதாது என்று எப்படித் தெரியும்? எனக்கு என்னதான் தெரியும்?

1.9.2008

கரும்பலகையில் என் பெயர். “சுப்புத்தாய், அனுமந்தன்பட்டி.” கணக்குப்பிள்ளைதானாம். வைகுண்டராஜ் சாக்பீஸ் கையோடு பல்லைக் காட்டினார். அழிக்கச் சொன்னேன்.

13.9.2008, சனி

தேவதானப்பட்டிக்குப் போனேன். பொன்னுராஜ் சொன்ன தேங்காய் குடோனுக்கு எதிரே டீக்கடை. உள்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

இவரேதான். சட்டையில்லாமல், தலையில் துண்டு, லாரியில் ஏற்றுகிற தேங்காயை எண்ணிக்கொண்டிருக்கிறார். மெலிந்து போயிருக்கிறார். இன்னொருத்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

டீக்கடைக்காரரிடம் யாரோ போலக் கேட்டேன். “அவுகளா? எஸ்டேட்ல ஆளக் கொறைச்சிட்டாகளாம். ரெண்டு மூணு மாசமா இங்கனதேன் கெடக்காக. நல்ல மனுசன். வீட்ல இன்னும் சொல்லலையாம். சொன்னா வீட்டம்மா சிரிக்குமாம்ல!” என்று சொல்லி அவரே சிரித்தார்.

போனை எடுத்து, “எங்கன இருக்கீக?” என்று அனுப்பினேன்.

எதிரே அவர் எண்ணுவதை நிறுத்தினார். மடியிலிருந்து போனை எடுத்தார். துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினார். என் பைக்குள் போன் கத்தியது.

“பாறை மேல. இன்னக்கி பனி இல்ல. குடை வாங்கிட்டேன்.”

எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கத்தான் வந்தேன். டீக்குக் காசு கொடுத்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

14.9.2008, ஞாயிறு

மூன்று மாதம் பொய் சொன்ன மனுஷன் மேல் எனக்கு வர வேண்டிய கோபம் ஏன் வரவில்லை? நாவலைக் கிழித்த மாதிரி என்னையும் கொஞ்சம் கிழித்துப் பார்க்கிறேன்.

குறுக்கு விசாரணை:

நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். கர்ணன் என் கணவர். அவருக்கு வேலை போனது எனக்குத் தெரியாது. அவர் அதை என்னிடம் சொல்ல முயற்சிக்கவே இல்லை என்று சொன்னால் சரியல்ல. ஜூன் 21 அன்று “ஒரு விசயம் சொல்லணும்” என்று மெசேஜ் அனுப்பினார் என்று சொன்னால் சரிதான். “என்ன, இதையும் தொலைச்சாச்சா?” என்று நான் பதில் அனுப்பினேன் என்று சொன்னால் சரிதான். “இல்ல. சும்மா” என்று அவரிடமிருந்து வந்தது சரிதான். அவர் அனுப்பிய இரண்டும் இன்னும் என் போனில் இருக்கின்றன. அவருடைய எந்தத் தோல்வியையும் நான் வெளியில் சொல்லிச் சிரித்ததில்லை என்று சொன்னால் சரியல்ல. என் வாய்க்குப் பயந்துதான் அவர் பாறை மேலேயே நின்றுகொண்டிருக்கிறார் என்று சொன்னால்

எழுத வரவில்லை. பதினேழு வருடமாக அடுத்தவர்களுக்கு அடித்துத் தள்ளிய வார்த்தை.

சரிதான்.

15.9.2008

மத்தியானம் 1.05க்கு அனுப்பினேன். “இனி பாறை ஏற வேணாம். தேங்கா எண்ணி முடிச்சதும் வீட்டுக்கு வாங்க.”

ஒரு நிமிடத்தில் பதில் வரவில்லை. இரண்டு மணிக்கும் இல்லை. நாலு மணிக்கு ஒரு சாட்சியத்தில் எதிரியின் பெயரை மாற்றி அடித்து ஐயாவிடம் திட்டு வாங்கினேன். பவானி டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் 6.10க்கு வந்தது. ஒரே வார்த்தை.

“வைவியா?”

இல்லை என்று அடித்தேன். அழித்தேன். பொய் எதற்கு?

“வைவேன். வாங்க” என்று அனுப்பிவிட்டு அரிசி களைந்தேன், இரண்டு பேருக்கு.