ஒரு கேன் கடல் தண்ணீர்

ஆடி அமாவாசை, இரவு பத்தரை.

ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த முரளி கோவளத்தில் பிடித்துவந்த கடைசி கேன் கடல் தண்ணீரை அம்மா இன்று காலி செய்துவிட்டாள். நான் ஏனாத்தூர் ஆய்வகத்திலிருந்து வருவதற்குள் வீடு முழுக்கத் தெளித்து, தன் தலையிலும் ஊற்றிக்கொண்டுவிட்டாள்.

"ஆராய்ச்சிக்கு வெச்சிருந்தேன்மா!" என்று கத்தினேன்.

"ஆறு மாசமா மூலையிலயே கெடக்குது. அதுல என்னமா ஆராய்ச்சி? அமாவாசைக்குக் கடல் தண்ணி வீட்டுலயே இருக்குதேன்னு எடுத்தேன்."

ஆறு மாதப் பழைய தண்ணீரில் எந்தக் கருவும் வளராது.

முரளியும் நானும் கடல் முள்ளெலி என்ற முள்ளுருண்டைப் பிராணியின் கருக்களில் ஒரு சிறு ஆர்.என்.ஏ.வைத் தடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் வித்தியாசமே தெரியாது. செல் இரண்டாகும், நான்காகும், எல்லாம் ஒழுங்காக நடக்கும். மறுநாள்தான் எலும்புக்கூடு போன்ற சட்டகத்தைக் கட்ட வேண்டிய செல்கள் இடம் தெரியாமல் அலையும்.

"இத்துனூண்டு ஆர்.என்.ஏ.பா. அது இல்லன்னா எங்க போய் நிக்கணும்னே தெரியல பாரு" என்பான்.

ஆறு மாதம் முன்பு வெளிநாட்டு ஆய்வகத்தில் வேலை கிடைத்து அவன் கிளம்பிய அன்று எனக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

கேனைக் கவிழ்த்ததில் அரைச் சொம்பு தேறியது. அம்மா எதிரிலேயே என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

"நல்லா ஊத்திக்கோமா. புடிச்ச பீடையெல்லாம் போவும்" என்றாள்.

முடி உப்பில் பிசுபிசுக்கிறது. இன்னும் அலசவில்லை.