பொலிக்சேனாவாக நடித்தவனுக்கு

டேய், குவைத்தில் நம் அப்பாசியாப் பக்கம் இன்று காலையிலிருந்து தூசிக்காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தும் அறையெல்லாம் மண் வாசனை. மழைக்கு முன் வருகிற வாசனை இல்லை. மூக்குக்குள் மூட்டை மூட்டையாக இறங்குகிற மண். இப்படிப்பட்ட நாட்களில் நீ இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துவிட்டு, "குவைத்துல பாதி என் நெஞ்சுக்குள்ளதான்டா இருக்கு, குடியுரிமை குடுப்பானா?" என்பாய்.

பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு நம் பாய்ஸ் செக்‌ஷனில் பெண் ஏது? மீசை முளைக்காத ஒரே ஆள் நீ. "ட்ராய் இளவரசியா ட்ரை பண்ணட்டும் சார்" என்று உன் பெயரைக் கொடுத்தவன் நான். நீ பொலிக்சேனா, உன்னை விரும்பும் எதிரிப்படை வீரன் அக்கிலீஸ் நான். வீரனுக்குக் குதிகால் வீக், இளவரசிக்கு மூச்சுக்குழல் வீக் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீயும் சிரித்தாய்.

கதைப்படி அக்கிலீஸ் குதிகாலில் அம்பு பட்டுச் செத்துப்போகிறான். செத்தும் அடங்காமல் ஆவியாக வந்து அவளைக் கேட்கிறான். அவன் சமாதியில் அவளைப் பலி கொடுக்கிறார்கள். யாரும் தன்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவளே நடந்து வந்து விழவேண்டும்.

கடைசி ஒத்திகை அன்றும் இதே தூசி. உன் அக்காவின் தீபாவளி கவுனைப் போட்டிருந்தாய். எப்போதும் பேன்ட் பையில் இருக்கும் இன்ஹேலர், கழற்றிப்போட்ட பேன்ட்டோடு வகுப்பிலேயே கிடந்தது. கவுனுக்குப் பை கிடையாது. அது யாருக்கும் தோன்றவில்லை, தெர்மோகோல் சமாதிக்குப் பின்னால் ஆவியாக நின்ற எனக்கும்.

எல்லாருக்கும் முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நடந்து வந்தாய். விழுந்தாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் பக்கம் நீட்டி விரலை அமுக்கி அமுக்கிக் காட்டினாய். கணக்கு டெஸ்ட் அன்றெல்லாம் மயங்கி விழ உனக்குப் பயிற்சி கொடுத்தவனே நான்தான். "போதும்டா, ஓவர் ஆக்டிங்" என்று சிரித்தேன். பையன்கள் கைதட்டினார்கள். தொடக்கூடாது என்பது வசனம். அதனால் யாரும் தொடவில்லை. நீ அசையாமல் போன பிறகுதான் சார் மேடைக்கு ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. நீ திரும்பி வரவில்லை.

நேற்று உன் வீட்டில் கார்கோ பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரேயடியாக ஊருக்குப் போகிறார்கள். போவதற்குள் உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நான்கு மாதமாக மனதுக்குள் வசனம் எழுதி வைத்திருந்தேன். அங்கே போய் நின்றதும் ஒரே ஒரு வரிதான் வந்தது.

"ஆன்ட்டி, அவன் விழுந்தப்ப நான் சிரிச்சேன்."

டேப் ஒட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா. சார் போன்ல எடுத்த ஒத்திகை வீடியோவைக் கேட்டு வாங்கினேன். அதுல அவன் முகமே தெரியல, முதுகுதான் தெரியுது. உன் சிரிப்பு மட்டும் கேக்குது. தினமும் கேக்கறேன். அவனும் உன்கூட சிரிச்சுக்கிட்டேதான் போயிருப்பான். இல்லப்பா?"

உன் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நீ சிரிக்கவில்லை.

"ஆமா ஆன்ட்டி" என்றேன்.